அடைப்பு வீட்டுச் சம்மன்

திண்டிவனம்,
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்.

அன்பு மகள் தேவயானிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த அளவில் சுகம்தான். நீயும் சங்கரன்கோயில் வெயிலில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா வெள்ளிக்கிழமை உன் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குத் திடீரென்று ஸ்பீட் போஸ்ட் அனுப்புகிறான் என்று உறையைப் பார்த்ததுமே உனக்குக் கலக்கமாக இருந்திருக்கும். போனில் கேஸ் பேச்சை எடுத்தாலே 'அப்பா, அது வேணாம்பா' என்று நிறுத்திவிடுகிறாய். நிறுத்துவதுதான் சரி. ஆனால் இதை நான் சொல்லியாக வேண்டும், அதுவும் பின்னால் மாற்றிப் பேச முடியாதபடி எழுத்தில் சொல்ல வேண்டும். கோர்ட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் படிக்காதே, உட்கார்ந்து படி.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, எண்ணெய் தேய்த்துக்கொண்டே என்னைத் திட்டுகிறாள், அப்படியென்றால் வலி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். உனக்கு அனுப்ப மல்லாட்டை வறுத்து வைத்திருக்கிறாள், அந்த ஊர் நிலக்கடலையில் இந்த ருசி வராதாம். மாடியில் தண்ணீர்த் தொட்டி கசிந்தது, சரிசெய்துவிட்டேன். உன்னை நம் பக்கம் மாற்றிப் போடக் கூடாதா, யாராவது மந்திரியைப் பார்த்தால் நடக்காதா என்று வாரம் ஒருமுறை கேட்கிறாள். நானும் வாரம் ஒருமுறை பாடம் நடத்துகிறேன். சொந்த மாவட்டத்தில் ஜட்ஜைப் போட மாட்டார்கள், அதிலும் அப்பன் அங்கேயே கோர்ட்டு ஊழியன் என்றால் பேச்சே இல்லை. சம்பளம் அரசாங்கத்துக் கஜானாவில் இருந்து வந்தாலும் உன்னை நகர்த்துவது ஹைகோர்ட்டு ஒன்றுதான், கலெக்டராலும் ஆகாது, மந்திரியாலும் ஆகாது. உன் தீர்ப்பைச் சப் கோர்ட்டு பார்க்கும், அதற்கு மேல் மாவட்டக் கோர்ட்டு, அதற்கும் மேல் ஹைகோர்ட்டு. உன் நடத்தையைப் பார்ப்பதும், புரொபேஷன் முடிந்தது என்று எழுதிக் கொடுப்பதும் அவர்களே. வெளியாள் யாரும் கை வைக்க முடியாமல் கட்டிய ஏணி அது. அந்த ஏணியின் அடிப்படியில் உன் அப்பன் சம்மன் பையோடு நிற்கிறான், மேலே ஏறிய நீ என்னைப் பார்த்தால் நான்தான் எழுந்து நிற்க வேண்டும் என்று சொல்லி அவளைச் சிரிக்க வைப்பேன். இந்த வாரம் அந்த வேடிக்கையை என்னால் சொல்ல முடியவில்லை.

போன திங்கட்கிழமை சாயங்காலம், சம்மன் வாரண்டுகளை எங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் நாசர் ராஜசேகர் என் பங்குக் கட்டை நீட்டினார். இருபத்தெட்டு வருடம் சம்மன் கொண்டுபோய்க் கொடுத்த எனக்கு அமீனா பதவி உயர்வு கிடைத்து ஒன்பது மாதம்தான் ஆகிறது. அமீனா வேலை சம்மனோடு முடியாது, தீர்ப்பான வீட்டில் இருப்பவர்களை வெளியே அனுப்பி, சாமானை இறக்கி, பூட்டி, சாவியை ஜெயித்தவர் கையில் கொடுக்க வேண்டும். கட்டில் மூன்றாவதாக இருந்த வாரண்டு கண்டாச்சிபுரம் பக்கத்துக் கிராமத்து வீடு ஒன்றுக்கு. வாதி சுப்பராயலு. பிரதிவாதி பாஞ்சாலி, அவருடைய தம்பி சீனுவாசனின் விதவை. வீடும் மனையும் தன் பாகம் என்று அண்ணன்காரர் போட்ட கேஸ், அந்த அம்மாள் ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டி ஆகி அவர் பக்கம் தீர்ப்பு. வீட்டை ஒப்படைக்க வேண்டிய நாள் வருகிற வியாழக்கிழமை. அந்தக் கேசில் முதல் சம்மன் கொண்டுபோனவன் நான்தான்.

அது உன் மெயின்ஸ் பரீட்சைக்கு நான்கு நாள் முன்னால். வீட்டை அடையாளம் காட்ட சுப்பராயலு ஊர் எல்லையில் டீக்கடையில் காத்திருந்தார், கூட இரண்டு பேர். சீனுவாசன் செத்து அப்போது இரண்டு மாதம். சதய நட்சத்திரத்தில் போனதால் வீட்டுக்கு ஆறு மாதம் அடைப்பு. கதவைப் பூட்டி வாசலில் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டு, பாஞ்சாலி இரண்டு பெண் பிள்ளைகளோடு திருவாமாத்தூரில் தாய் வீட்டில் இருந்தாள். அடைப்பு வீட்டுப் பக்கம் நம் ஆட்கள் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள், காலம் முடிகிறவரை அந்தக் கதவை ஒருவரும் நெருங்க மாட்டார்கள். இதைப் படித்து நீ சிரிக்கலாம், நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை. டீ குடிக்கும்போது உன் பரீட்சையைப் பற்றி நானே வாயைத் திறந்து பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அவர் உடனே, 'அய்யோ சார், பொண்ணு ஜட்ஜு பரீட்சை எழுதப் போவுதுன்றீங்க, அந்த வூட்டு கதவத் தொட்டுக்கினு நேரா வூட்டுக்குப் போனீங்கன்னா நல்லாவா இருக்கும்? குடுங்க இப்டி, நாங்க பங்காளிங்க, எங்களுக்கு ஏற்கெனவே தீட்டுதான், நானே ஒட்டிட்றேன்' என்றார். கொடுத்துவிட்டேன். பிரதிவாதிக்குப் போக வேண்டிய சம்மனை வாதி கையிலேயே கொடுத்தேன். கூட வந்த இருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து, வீடு பூட்டியிருந்ததால் வெளிக்கதவில் ஒட்டிச் சார்பு செய்தேன், அதாவது முறைப்படி சேர்த்துவிட்டேன் என்று எழுதினேன். அப்புறம் கோர்ட்டில் சத்தியமும் செய்து கொடுத்தேன். ஒரு பைசா வாங்கவில்லை, டீக்குக்கூட நான்தான் கொடுத்தேன். அதனால் இத்தனை நாள் இது ஒரு குற்றம் என்றே என் புத்தியில் ஏறவில்லை, சின்னக் குறுக்குவழி என்று மறந்தே போனேன். உனக்காகத்தான் செய்தேன் என்று இந்த வாரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இதைக் கொண்டுபோய் உன் தலையில் கட்டுவது அதைவிடக் கேவலம். பயந்தவன் நான், எழுதினவனும் நான்.

செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தேன். வாரண்டு வந்தால் முன்னாலேயே போய்ச் சொல்லிவிடுவது என் வழக்கம், சாமான் செட்டை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று. அடைப்பு முடிந்து வீட்டுக்குத் திரும்பியிருந்த பாஞ்சாலிக்கு நாற்பது வயது இருக்கும். நான் இன்னார் என்று சொன்னதும் நாற்காலி போட்டு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். 'என்னா சார் கேசு அது? எங்களுக்கு ஒரு காயிதமும் வரலியே' என்றாள். போன மாதம்தான் சுப்பராயலு வந்து வீட்டைக் காலி பண்ணு, கோர்ட்டில் ஜெயித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், திங்கட்கிழமை கலெக்டர் மனு வாங்கும் இடம் என்று எல்லா இடத்துக்கும் ஓடியிருக்கிறாள். எல்லோரும் ஒரே பதில்தான், கோர்ட்டு உத்தரவில் நாங்கள் தலையிட முடியாது. அவர்கள் சொன்னது சரி. உன் அம்மாவிடம் நான் பெருமையாகச் சொல்கிற அதே விஷயம், அந்த அம்மாளுக்கு எல்லாக் கதவும் சாத்தியிருப்பதாகத் தெரிந்திருக்கிறது. 'உங்களுக்கு மேல யாருங்க சார்?' என்று கேட்டாள். நாசர் என்றேன், அவருக்கு மேல் முன்சீப் என்றேன். அவருக்கு மேல, அவருக்கு மேல என்று கேட்டுக்கொண்டே போனாள், நானும் ஹைகோர்ட்டு, டெல்லி வரை சொல்லி முடித்தேன். 'அவுங்கள்லாம் எதப் பாத்து சார் முடிவு பண்ணுவாங்க?' என்றாள். கட்டில் இருக்கும் காகிதத்தைப் பார்த்துத்தான் என்றேன். 'அந்தக் காயிதத்த யாரு எழுதனது?' என்று கேட்டாள், ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன்.

அதற்கு மறுநாள் விக்கிரவாண்டியில் பஸ் மாறும்போது சுப்பராயலு எனக்காகவே காத்திருந்த மாதிரி ஓட்டல் வாசலில் நின்றார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, சத்தம் போட்டுப் பேசாத மனுஷன். 'அடுத்த வியாழக்கெழம காலைலயே வந்துடுங்க சார், ஜல்தியா முடிச்சிக்கலாம்' என்றார். நான் பஸ் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். 'அன்னிக்கு நீங்க எங்க ஒக்காந்து எழுதனீங்கன்னு எனக்குத் தெரியும், கையெழுத்துப் போட்ட ரெண்டு பேருக்கும் தெரியும். அது வெளிய வந்தா ஒங்களுக்குத்தான் சார் பேஜாரு, எனக்கென்னா' என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, 'போன வாரம் சங்கரன்கோயிலுக்கு சாமி கும்புடப் போயிருந்தேன், அப்டியே ஜட்ஜம்மா கோர்ட்டாண்டயும் போய்ட்டு வந்தேன். வாசல்ல பெரிய புங்கமரம், நல்ல நெழலு. அம்மா கார்ல வந்து எறங்கனாங்க, ஒரு கும்புடு போட்டேன், கவனிக்கல' என்றார். பாப்பா, உன் கோர்ட்டு வாசலில் புங்கமரம் இருக்கிறதா? நீ என்னிடம் சொன்னதே இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மேசைமேல் ஸ்வீட் பெட்டி, பழத்தட்டு. 'ஒங்களுக்கு ரொம்ப வேண்டியவராம், எவ்ளோ மரியாதையா பேசனாரு தெரியுமா, கல்யாணப் பத்திரிகை அனுப்பணும்னு பாப்பா குவார்ட்டர்ஸ் அட்ரசு கேட்டாரு, குடுத்தேன்' என்கிறாள் உன் அம்மா. அவளைக் கோபித்து என்ன பிரயோஜனம், மகள் ஜட்ஜு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஓர் ஆள் கிடைத்தார். பெட்டியைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு போய் வெளியே போட்டேன். அன்று முதல் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து பார்க்கிறேன். மூன்று தடவை ஒரே வண்டி, ஒரே ஆள். எதுவும் செய்யவில்லை, நின்று செல்போனைப் பார்த்துவிட்டுப் போகிறான்.

வெள்ளிக்கிழமை நாசர் ராஜசேகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். 'சக்கரபாணி, ரிட்டயர்மெண்டுக்கு ஒனக்கு இன்னும் பதினோரு மாசம் இருக்குது. வியாழக்கெழம லீவு எழுதிக் குடு, வேற அமீனாவ அனுப்பிட்றேன். நீ எங்கிட்ட எதுவும் சொல்லல, நானும் எதுவும் கேக்கல' என்றார். என்மேல் பிரியம் உள்ள மனுஷன், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் லீவு எழுதிக் கொடுத்தேன் பாப்பா. பொய் சொல்ல மாட்டேன், கொடுத்துவிட்டு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கினேன், அந்த வாரத்திலேயே அன்றைக்குத்தான் நல்ல தூக்கம். விடிந்து எழுந்ததும் அந்தத் தூக்கத்தை நினைத்துத்தான் பயம் பிடித்தது. வேறு ஒருவன் போய் அவர்களை வெளியே அனுப்பிப் பூட்டுவான், அவனுக்கு ஒன்றும் தெரியாது, அவனுக்கு மேல் இருக்கிற யாருக்கும் ஒன்றும் தெரியாது. முன்சீப் நல்லவர், மூன்று தடவை பெயரைக் கூப்பிடச் சொல்லி, என் தாளைப் பார்த்து, முறைப்படிதான் தீர்ப்பு எழுதினார். மேலே போனாலும் எல்லோரும் முறைப்படிதான் பார்ப்பார்கள், என் தாளைத்தான் பார்ப்பார்கள். அத்தனை படியும் ஒழுங்காக இருந்து அந்த அம்மாளும் பிள்ளைகளும் தெருவில் நிற்பார்கள்.

நேற்று மறுபடி போய் பாஞ்சாலியிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே திரும்பி மூத்தவளைக் கூப்பிட்டு, 'நோட்டு எடுத்துக்கினு வா' என்றாள். 'மொதல்லர்ந்து சொல்லுங்க சார், அவ எழுதிக்கட்டும்' என்றாள். பிளஸ் டூ படிக்கிற பெண், தேதி, இடம், யார் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள், எழுதியதை எனக்கே படித்துக் காட்டினாள். இந்தத் தடவை யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. திங்கட்கிழமையே இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போய், தீர்ப்பை ரத்து செய்ய மனுப் போடச் சொன்னேன். கோர்ட்டு ஊழியன் கேசில் ஒரு தரப்புக்கு யோசனை சொல்வதும் தப்புதான், அதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

காலையில் இருந்து உட்கார்ந்து மூன்று பக்கம் வாக்குமூலம் எழுதி முடித்துவிட்டேன். முன்சீப்புக்கு ஒன்று, மாவட்ட நீதிபதிக்கு ஒரு நகல். நீ இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போது கொடுத்திருப்பேன். அதனால் வியாழக்கிழமை நின்றுவிடும் என்று நினைக்காதே, எனக்கே தெரியவில்லை. முன்சீப் புதன்கிழமை வரை விடுப்பு, பொறுப்பு பார்க்கிறவருக்கு அவர் கோர்ட்டு வேலையே தலைக்கு மேல். பாஞ்சாலியின் மனுவுக்கு நம்பர் போட்டு அது மேசைக்கு வருவதற்குள் வாரண்டு தேதி வந்துவிடலாம். எனக்கு என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான், முதலில் சஸ்பென்ஷன், அப்புறம் சார்ஜ் மெமோ, பொய்ச் சத்தியத்துக்குக் கேசும் வரலாம், பென்ஷன் நிற்கலாம். மாவட்ட நீதிபதி என்னைப் பற்றி ஹைகோர்ட்டுக்கு எழுதுவார். உன் புரொபேஷன் ஃபைலும் அதே கட்டிடத்தில்தான் இருக்கிறது. அப்பன் செய்த தப்புக்கு மகளைப் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை, ஆனால் வராந்தாவில் பேசுகிறவர்கள் சட்டம் படித்துவிட்டுப் பேச மாட்டார்கள். உன்னிடம் அனுமதி கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நீயும் இதில் ஓர் ஆள் ஆகியிருப்பாய், அதனால்தான் கேட்கவில்லை. இதுதான் எனக்கு நெஞ்சை அறுக்கிறது, உன் பரீட்சைக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று பயந்து செய்தது இன்றைக்கு உன் நாற்காலிக்குக் கீழேயே வந்து நிற்கிறது.

சொல்வதைக் கேள். இந்தக் கடிதத்தைக் கிழிக்காதே, ஒளிக்காதே. அப்படியே எடுத்துக்கொண்டு போய் உன் மாவட்ட நீதிபதியிடம் கொடு, சுப்பராயலு உன் கோர்ட்டு வாசல் வரை வந்துபோனதையும் சொல். நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று அவருக்கு வெளியில் இருந்து தெரிவதற்கு முன் உன் கையால் தெரிய வேண்டும். எனக்காக இங்கே இருக்கிற எந்த ஜட்ஜுக்கும் போன் போடாதே, வக்கீல் தேடாதே. ஊர்க்காரன், சொந்தக்காரன், பத்திரிகை கொண்டுவந்தேன் என்று எவன் வந்தாலும் கதவைத் திறக்காதே, பார்சல் எதையும் வாங்காதே, மல்லாட்டைகூட நான் சொன்ன பிறகு வாங்கு. அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, இன்றைக்குச் சாயங்காலம் சொல்லப்போகிறேன். அவள் உனக்குப் போன் செய்து அழுதால் அழ விடு, சமாதானம் சொல்கிறேன் என்று என்னை நியாயப்படுத்திப் பேசாதே.

வேளைக்குச் சாப்பிடு, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. நீ நல்ல பெயரோடு நீண்ட நாள் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அப்பன் பெயரால் உனக்கு வந்த சங்கடம் உன் நடத்தையால் தீர வேண்டும் என்று மனசார ஆசீர்வதிக்கிறேன். என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், அதற்காகச் சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே.

ஒன்றே ஒன்று மறக்காதே. உன் மேசைக்கு வரும் கட்டுகளில் கதவில் ஒட்டினேன் என்று எழுதிய தாள் இல்லாத நாளே இருக்காது. ஆஜரில்லை என்று எழுதப் பேனாவை எடுப்பதற்கு முன்னால், அதை ஒட்டினவனைக் கூப்பிட்டுக் கூண்டில் ஏற்றி, அந்தக் கதவு என்ன நிறம் என்று கேள். அவன் வயசானவனாக இருந்தாலும் கேள், நல்லவனாகத் தெரிந்தாலும் கேள். என்னை யாரும் கேட்கவில்லை. பாஞ்சாலி வீட்டுக் கதவு பச்சை நிறம் பாப்பா, போன செவ்வாய்க்கிழமைதான் பார்த்தேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சக்கரபாணி.